வெள்ளிக்கிழமை வராத பத்தொன்பது பேர்

அத்தியாயம் 6

"தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர்," என்று வாசித்தாள் ரோஷினி. "அடுத்த வாரமும் ஒரு லிட்டர். அதுக்கு அடுத்த வாரமும். இன்னா சார் இது, ரெண்டாயிரம் வருஷத்துப் பழைய ஊருக்குத் தலைவாரிப் பின்னல் போடப் போறாங்களா?"

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. அவர் முன்னாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர். இருபது வருடம் ராணிப்பேட்டையில் எரிந்த குடோன்களைச் சுற்றிப் பார்த்து, எது தானாக எரிந்தது, எதை முதலாளியே எரித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். ரோஷினிதான் ஒரே ஊழியர். சம்பளம் கம்மி, வாய் ஜாஸ்தி.

மேஜைமேல் கிடந்தது கொற்றமேட்டு அகழாய்வின் கணக்கு. விரிஞ்சிபுரம் தாண்டிப் பாலாற்றங்கரையில் பூமிக்கடியில் ஒரு பழைய நகரம் கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் தோண்ட ஆரம்பித்து மே மாதம் முடித்தார்கள். இப்போது ஜூலை. நகரம் பத்திரமாக இருந்தது. கணக்கு எழுதிய ஹேமலதாதான் மாட்டிக்கொண்டாள்.

தினக்கூலிக்காரர்கள் முப்பத்து நாலு பேர் என்று வருகைப் பதிவேடான மஸ்டர் ரோல் சொன்னது. அதில் பத்தொன்பது பேர் ஆளே இல்லை என்றார் தணிக்கை அதிகாரி கோவிந்தசாமி. இல்லாத ஆளுக்கு எழுபத்திரண்டு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டால் ஆறு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபாய். இன்று மாலை நாலு மணிக்குக் கடைசி விசாரணை. பதில் இல்லையென்றால் வேலை போகும், நாளைக் காலையில் போலீசுக்குப் புகார் போகும்.

ஹேமலதாவின் கணவன் ஜெயப்பிரகாஷ், ஷூ கம்பெனி சூப்பர்வைசர், நகையை அடகு வைத்து ஃபீஸ் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆனால் ஹேமலதாவைப் போய்க் கேட்டால் ஒரே பதில்தான். "நான் திருடலை சார். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க."

"காப்பாத்துன்னு புருஷன் காசு குடுக்கறாரு. காப்பாத்தாதேன்னு பொண்டாட்டி வாயை மூடிக்கறாங்க. நல்ல பார்ட்டி சார்," என்றாள் ரோஷினி.

"பச்சை மையில என்ன எழுதியிருக்கார், படி."

ரோஷினி அதிகாரியின் குரலை வரவழைத்துக்கொண்டாள். "பத்தொன்பது பேரும் கையெழுத்து இல்லாமல் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் கைநாட்டிலும் ரேகை இல்லை, வெறும் மைதான் இருக்கிறது. பாட்டில் மூடியால் அப்பியிருக்கலாம். மற்றவர்களுக்கு ஞாயிறு லீவு, இவர்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை லீவு. பொய் எழுதியவர் கிழமையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கொற்றமேட்டில் வீடு வீடாக விசாரித்ததில் இந்தப் பெயர்களில் யாரும் இல்லை. கடைசியா நம்ம தேங்காய் எண்ணெய். எதற்கு என்று விளக்கம் இல்லை."

"மனுஷன் நேர்மையானவர்," என்றார் செங்கல்வராயன்.

"அவர் நம்ம எதிர்க்கட்சி சார்."

"இருக்கட்டும். மே மாச வெயில்ல வீடு வீடாப் போயிருக்காரே. ஆனா ஒண்ணு யோசி. உனக்கு இல்லாத ஆளுக்குக் கைநாட்டு வைக்கணும். என்ன பண்ணுவ?"

"என் கட்டைவிரலை வெப்பேன். போரடிச்சா கால் கட்டைவிரல்."

"எப்படி வச்சாலும் ரேகை விழும். ரேகை விழாம வைக்கத்தான் மெனக்கெடணும். திருடறவ யாராவது சந்தேகம் வரணும்னு மெனக்கெடுவாளா? லீவும் அப்படித்தான். பொய்ப் பேர் எழுதறவ எல்லாரோடவும் சேர்த்து ஞாயித்துக்கிழமைன்னு எழுதிட்டுப் போயிடுவா. பன்னிரண்டு வாரம் மறக்காம வெள்ளிக்கிழமைன்னு எதுக்கு எழுதணும்?"

ரோஷினி தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், எங்க சித்தப்பா பேரணாம்பட்டுல தோல் பதனிடற டேனரியில இருந்தாரு," என்றாள் மெதுவாக. "அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளி பாய், தொழுகைக்குப் போவாரு இல்ல? ஞாயித்துக்கிழமை கல்யாணம்னா லீவு சொல்லிட்டுதான் வருவாரு. அப்புறம் ரேஷன் கடையில மிஷின் அவர் விரலை எடுக்காது. சுண்ணாம்புத் தொட்டியில தோலை முக்கி முக்கி விரல்ல இருக்கற கோடெல்லாம் போச்சு. கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாரு."

"எண்ணெய்?"

"வெடிச்ச கைக்குத்தான் சார். வேலை முடிஞ்சா கையில எண்ணெய் தேய்ச்சுக்காம அவரால சோறு பிசைய முடியாது."

செங்கல்வராயன் எண்ணெய் பில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஆம்பூர் கடை. தோண்டிய இடம் விரிஞ்சிபுரத்துப் பக்கம், ஹேமலதா வீடு வேலூர். பன்னிரண்டு பில்லும் ஆம்பூரில், அதே கடையில்.

"கார் சாவியை எடு," என்றார்.

* * *

பைபாஸில் அந்தக் கிழட்டு மாருதி அறுபதுக்கு மேல் போகாது. ஆம்பூர் போய்ச் சேரப் பதினொன்றரை ஆயிற்று.

பில்லில் இருந்த மளிகைக் கடைக்கு நேர் எதிரே ஒரு டேனரி. பெரிய கேட் மூடியிருந்தது. சின்னக் கதவு மட்டும் திறந்திருக்க, உள்ளே ஒரு மேஜை, அதன்மேல் ஒரு நீள நோட்டு, ஒரு மைப்பெட்டி. மேஜைக்குப் பின்னால் நரைத்த தாடியோடு டைம் கீப்பர் நிசார் அஹமது உட்கார்ந்திருந்தார். கழிவுநீர்ப் பிரச்சினையில் ஆலையை மூடி ஏழு மாதம். மூடிய ஆலைக்கு எதற்கு டைம் கீப்பர் என்று ரோஷினி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்க கம்பெனி வக்கீல் ஆளா?"

"இல்ல பாய். ஹேமலதா தரப்பு," என்றார் செங்கல்வராயன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நிசார் அஹமது எழுந்து போய்ச் சின்னக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"லே-ஆஃப்ல இருக்கறவங்க தினமும் கேட்டுக்கு வந்து, வேலைக்கு ரெடியா இருக்கேன்னு இந்த நோட்டுல கைநாட்டு வைக்கணும் சார். வச்சாதான் பாதிச் சம்பளமும் செட்டில்மென்ட்டும். பாதிச் சம்பளம் பேச்சுலதான் இருக்கு, ஒரு பைசா வரலை. கேஸ் அடுத்த மாசம் வருது. கம்பெனி தரப்புல ஒரே ஒரு ஓட்டை கிடைக்காதான்னு தேடறாங்க. இவங்க வேற எங்கியோ வேலைக்குப் போனாங்கன்னு ஒரு காகிதம் கிடைச்சாப் போதும், எல்லாம் காலி."

"வெள்ளிக்கிழமை?"

"பழக்கம் சார். இருபது வருஷப் பழக்கம் எங்க போவும்? தோண்டற இடத்துலயும் வெள்ளிக்கிழமை வர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க."

"பகல்ல கொற்றமேட்டுல மண் சுமந்தாங்க. இந்த நோட்டுல எப்ப வச்சாங்க?"

"சாயங்காலம் பஸ்ல வந்து இறங்குவாங்க. நான் ஏழு மணி வரைக்கும் நோட்டை மூட மாட்டேன்." அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "காலையில வந்ததா எழுதிக்குவேன். தெரிஞ்சா என் வேலையும் பேஜார்தான். ஆனா ஏழு மாசம் ஒருத்தர் எப்படி சார் சும்மா உக்காந்து சாப்பிடுவாங்க?"

செங்கல்வராயன் நோட்டைப் புரட்டினார். பத்தொன்பது பெயர்கள். பெயருக்கு எதிரே ரேகை இல்லாத மைத் திட்டுகள். மஸ்டர் ரோலில் இருந்த அதே பெயர்கள், அதே தேதிகள்.

இன்ஷூரன்ஸ் காலத்தில் இப்படி ஒரு அத்தாட்சி கிடைத்தால் அன்றைக்கு அவர் பிரியாணி வாங்கிச் சாப்பிடுவார். இன்று நோட்டை மெல்ல மூடி வைத்தார். ஹேமலதா நிரபராதி என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி இந்த நோட்டு. இதைக் காட்டினால் அவள் தப்பிப்பாள், பத்தொன்பது குடும்பம் தெருவுக்கு வரும். ஹேமலதா ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததில் சந்தோஷமே இல்லை.

"போட்டோ எடுக்கட்டுமா சார்?" என்றாள் ரோஷினி.

"வேணாம்."

சாத்திய கதவை யாரோ தட்டினார்கள். நிசார் அஹமது திறந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, கையில் காலி எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றாள். எதிர்க்கடைக்கு வந்தவள் வெளியே நின்ற காரையும் சாத்திய கதவையும் பார்த்து வந்திருக்கிறாள்.

"எல்லம்மா, நீ போ," என்றார் நிசார் அஹமது.

அவள் போகவில்லை. "கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி ஹேமலதா அம்மா பேரு காதுல விழுந்துது. இன்னா ஆச்சு அவங்களுக்கு?"

ரோஷினி சொன்னாள். எல்லம்மா நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

"எங்களாலயா? ஆம்பூர் பஸ்ல என் பக்கத்துல உக்காந்தாங்க, கண்ணு. என் கையைப் பார்த்துட்டு இன்னா வேலைன்னு கேட்டாங்க. வேலை இல்லைன்னேன். அந்த ஊர்க்காரங்கதான் வரணும்னு ரூல் இருக்கு, ஆளுங்க பதினஞ்சு பேருக்கு மேல வர மாட்டேங்கறாங்க, ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள தோண்டணும், நீங்க வாங்க, நான் ஊர்ப் பேரை மாத்தி எழுதிக்கறேன்னாங்க. அங்க ஒரு மிஷின் வச்சிருந்தாங்க. எங்க விரலை வச்சா மறுபடி வை, மறுபடி வைன்னுது. பேங்க்குலயும் அதே கதை. அந்தம்மா மிஷினை ஓரங்கட்டிட்டு நோட்டு போட்டு, வாராவாரம் கையிலயே காசு குடுத்தாங்க. எண்ணெய்கூட வாங்கிக்கச் சொன்னாங்க." அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "நான் வர்றேன் சார். வந்து நான்தான் அந்த எல்லம்மான்னு சொல்றேன்."

"உன் செட்டில்மென்ட் எவ்வளவு வரும்?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"ஒன்றரை லட்சம் வரும்னு வக்கீல் சொன்னாரு. பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருக்கேன். போனாப் போவுது, என்னுது மட்டும்தானே போவும்? மத்தவங்க பேரை நான் சொல்ல மாட்டேன்."

அது அப்படி முடியாது என்று செங்கல்வராயனுக்குத் தெரியும். ஒரு நூலைப் பிடித்தால் முழு லுங்கியும் பிரிந்துவிடும் என்பதை, லுங்கி நெய்யும் குடியாத்தத்தில் பிறந்த அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு மணிக்குள் வேறு வழி கிடைக்கப் போவதில்லை. ஒரே ஒரு ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று காட்டினால் கோவிந்தசாமி இளகலாம் என்று ஒரு நப்பாசை. அடகு நகையின் ஃபீஸ் வேறு சட்டைப்பையில் இருந்தது.

"டேனரி பேரை மட்டும் சொல்லிடாதம்மா," என்றார்.

* * *

கொற்றமேட்டு முகாம் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. மேஜைக்குப் பின்னால் கோவிந்தசாமி, அவருக்கு எதிரே ஹேமலதா. மேஜைமேல் கட்டுக்கட்டாய்க் காகிதங்கள், அவை பறக்காமல் இருக்க ஒரு பழங்காலச் செங்கல். இவ்வளவு பெரிய செங்கல்லை இப்போது எந்தச் சூளையிலும் போடுவதில்லை.

எல்லம்மா உள்ளே வந்ததும் ஹேமலதாவின் முகம் வெளுத்தது. அவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார் இவங்க?" என்றார் கோவிந்தசாமி.

"உங்க பத்தொன்பது பேர்ல ஒருத்தர் சார்," என்றார் செங்கல்வராயன். ரேகை ஏன் இல்லை, லீவு ஏன் வெள்ளிக்கிழமை, எண்ணெய் எதற்கு என்று சொன்னார். கோவிந்தசாமி குறுக்கே பேசாமல் கேட்டார். பச்சைப் பேனாவை மூடிக் கீழே வைத்தார். அது நல்ல அறிகுறியாகத் தோன்றியது.

எல்லம்மா அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் மலர்ந்தது.

"இது நான் எடுத்த கல்லு சார். மூணாவது குழியில, கிணத்துக்குப் பக்கத்துல. கீழ்ப்பக்கம் மூணு விரல் தடம் இருக்கும் பாருங்க. ஈரமா இருக்கறப்ப எவனோ கையை வச்சுட்டான். அதைப் பார்த்துட்டு, தோண்டற வேலைக்குத் தலைவரா இருந்த டாக்டர் சதீஷ்குமாரு குதிகுதின்னு குதிச்சாரு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க ஆள் இருந்தான்றதுக்கு இதைவிட இன்னா வேணும்னாரு."

கோவிந்தசாமி செங்கல்லைப் புரட்டினார். மூன்று விரல் தடம் ஆழமாக, நேற்று வைத்ததுபோல இருந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லது. நான் நம்பறேன்," என்றார். ரோஷினி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"ஆனா நான் நம்பினா மட்டும் போதாதே. ஃபைல்ல எழுதணும். இவங்க எந்த டேனரி? பேர் சொல்லுங்க. இன்னிக்கே லெட்டர் போட்டு அவங்க ரிஜிஸ்டரை வரவழைக்கறேன். பத்தொன்பது பேரும் அங்க வேலை செஞ்சவங்கதான்னு கம்பெனி எழுதிக் குடுத்தா, இந்தம்மா மேல ஒரு ரூபா பாக்கி இல்லைன்னு நானே எழுதிடுவேன்."

கம்பெனி வக்கீல் ஏழு மாதமாகத் தேடும் காகிதத்தை இவர் தபாலில் அனுப்பி வைக்கப் போகிறார். அதுவும் நல்ல மனசோடு. எல்லம்மாவைக் கூட்டி வந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அவர் அந்தத் தகரக் கொட்டகையில் நின்று உணர்ந்தார்.

"சார்," என்றாள் ஹேமலதா. விசாரணை ஆரம்பித்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "லெட்டர் வேணாம் சார். இவங்க யார்னு எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை."

"அம்மா," என்றாள் எல்லம்மா.

"பார்த்ததே இல்லை சார். அந்தப் பத்தொன்பது பேரும் நான் எழுதினதுதான். ஆள் கிடையாது. எழுதிக்குங்க."

கோவிந்தசாமி அவளையே பார்த்தார். பிறகு எல்லம்மாவின் கையைப் பார்த்தார். முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனிதர், எங்கே எதை மறைக்கிறார்கள் என்று வாசனை பிடிக்கத் தெரிந்தவர். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவர் செங்கல்வராயன் பக்கம் திரும்பினார்.

"கூட்டிட்டு வந்தது நீங்க. நீங்க சொல்லுங்க. இவங்க யாரு?"

ஹேமலதா நிமிர்ந்து செங்கல்வராயனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. வாழ்க்கையில் அவர் எத்தனையோ பொய்யை உடைத்திருக்கிறார். சொன்னதில்லை.

"எங்க ஆபீசைப் பெருக்க வர்றவங்க சார்," என்றார். "நான்தான் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். மன்னிச்சிடுங்க."

"செங்கல்?"

வெளியே ஒரு லாரி போகிற சத்தம் கேட்டு அடங்கும்வரை கோவிந்தசாமி காத்திருந்தார்.

"பேப்பர்ல இந்தக் கல்லோட போட்டோ வந்துது," என்று அவரே சொன்னார். "அதுல பார்த்திருப்பாங்க."

பச்சைப் பேனாவைத் திறந்தார். எழுதும்போது அவர் கை ரொம்ப மெதுவாகப் போனது. ஒரு தடவை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடியும் எழுதினார்.

வராந்தாவில் ஜெயப்பிரகாஷ் ஓடி வந்து, "என்ன சார் ஆச்சு, ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டான். செங்கல்வராயன் சட்டைப்பையிலிருந்த ஃபீஸை எடுத்து அவன் கையில் வைத்தார். "ஒண்ணும் கிடைக்கலப்பா," என்றார். அதுதான் அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது பொய்.

பின்னால் வந்த ஹேமலதா எல்லம்மாவைத் தெரியாதவள்போலவே தாண்டிப் போனாள். இரண்டடி போய்த் தயங்கினாள். திரும்பவில்லை.

* * *

காரில் ஏறிய எல்லம்மா பின்சீட்டில் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாதனூர் தாண்டியதும் கேட்டாள்.

"நாங்க இல்லைன்னு எழுதிட்டாங்களா சார்?"

"ஆமாம்மா."

"அந்தம்மா ஜெயிலுக்குப் போவாங்களா?"

"காசைக் கட்டினா கேஸ் கொஞ்சம் இளகலாம்."

"ஏது சார் அவங்ககிட்ட அவ்ளோ காசு? எனக்கு செட்டில்மென்ட் வந்தா குடுத்துடறேன். மத்தவங்களையும் கேக்கறேன்."

"நீ குடுத்தா, ஏன் குடுத்தன்னு கேப்பாங்க."

எல்லம்மா சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரோஷினி பின்சீட்டுக்குக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பாவின் கை மாதிரியே இருந்தது.

"சார், மணி இன்னா?" என்று எல்லம்மா கண்ணைத் துடைத்தபடி திடீரென்று கேட்டாள்.

"ஆறு நாப்பது."

"ஏழுக்குள்ள கேட்டுக்குப் போவணும் சார். இன்னும் நோட்டுல வைக்கலை."

செங்கல்வராயன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். கிழட்டு மாருதி முதல்முறையாக எண்பதைத் தொட்டு உடம்பெல்லாம் நடுங்கியது.

டேனரியின் சின்னக் கதவு திறந்தே இருந்தது. நிசார் அஹமது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மைப்பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எல்லம்மா கட்டைவிரலை மையில் தொட்டு, தன் பெயருக்கு எதிரே அழுத்தினாள்.

நிசார் அஹமது அதன் பக்கத்தில் காலை பத்து மணி என்று எழுதி, ஊதிக் காயவைத்து, நோட்டை மூடினார்.